பதினோரு கேட்டில் நான் ஒட்டிய நோட்டீஸ்

மூன்றாவது கேட்டை விட்டு நாலாவது கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கிழித்தெடுத்த நோட்டீஸ்கள் மூன்று கக்கத்தில் இருந்தன. பிளாஸ்டிக் உறை போட்டவை என்பதால் மடங்கவில்லை. நடக்க நடக்க விலாவில் குத்தின. சட்டைப்பையில் ஆஸ்பத்திரியின் பெயர் தைத்திருந்தது. அடையாள அட்டையை மட்டும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் உள்சாலைகளில் மாலை நாலரை மணிக்கு யாரும் நடக்க மாட்டார்கள். ஷிப்ட் விடும் நேரம் அல்ல. இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் மட்டும் போகும். ஒரு டிரைவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, வண்டி நின்னுபோச்சா?"

"வேல நின்னுபோச்சு."

"அதுக்கு ஏன் இந்தப் பக்கம் போற? ஸ்டேஷன் அந்தப் பக்கம் கீது."

"இங்க ஒரு வேல பாக்கி கீது நைனா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஒரு நிறுவனம் எப்படிச் சட்டென்று திரும்ப வேண்டும், போட்டியில் எப்படி முந்த வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு வகுப்பெடுக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு போன் அழைப்பு. அதில் நான் சொன்ன மூன்று சொற்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் ஊர் ஆரணி, பொன்னேரிக்குப் பக்கத்தில் இருப்பது. பதினைந்து வயதில் கிளம்பியவன் ஓரிடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. அரிசி ஆலை, லாரி கிளீனர், இறால் பண்ணை, இரும்பு உருக்கும் ஆலை. சில மாதங்கள் ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்தேன். சில நாள் சாப்பாடு இல்லை. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான். கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த நாற்பது படுக்கை தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆம்புலன்ஸ் டிரைவராகச் சேர்ந்தேன். அங்கே மட்டும் கால் நின்றது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்காத இடம் குறைவு. அதனால் கேட்டில் நிற்கும் காவலாளிகள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். யாருக்காவது அடிபட்டால் அவர்கள் என் போனுக்குத்தான் அடிப்பார்கள். நான் போனை அப்படியே அவசரப் பிரிவு சிஸ்டர் காதில் வைப்பேன். அவர் அந்தக் காவலாளியிடமே பேசுவார். ரத்தம் வருகிறதா, எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று வரிசையாகச் சொல்வார். தொழிற்பேட்டையிலிருந்து எங்கள் வாசலுக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் எங்கள் வைத்தியம் நடந்துகொண்டே இருக்கும்.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நான் ஊர் சுற்றியவன், அவர் பொறுமை இல்லாதவர். இரண்டும் சேர்ந்ததில் தானாக நடந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு எதிரே ஐந்து மாடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறந்தார்கள். எங்களிடம் இல்லாத எல்லா மெஷினும் அங்கே இருந்தது. ஆனாலும் பதினோரு கம்பெனிகள் எங்களோடுதான் ஒப்பந்தத்தில் இருந்தன. எங்கள் முதலாளி டாக்டர் அதற்குக் காரணம் தன் கைராசி என்று நினைத்தார். மேனேஜர் விளம்பரப் பலகை என்று நினைத்தார். நான் என் சிநேகிதம் என்று நினைத்தேன். ஐந்து மாடிக்குப் போன் செய்தால் முதலில் பாட்டு வரும், பிறகு ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று ஒரு குரல் வரும். எங்களுக்குப் போன் செய்தால் சிஸ்டர் வருவார். வித்தியாசம் அதுதான். தன்னுடைய பலம் எதுவென்று தெரியாத இடத்தில், சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புகிறவன் முதலில் அதைத்தான் பெருக்கித் தள்ளுவான். பெருக்கித் தள்ளியவன் நான்.

ஒருநாள் கை நசுங்கிய ஒரு தொழிலாளியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. கம்பெனியைக் கேட்டால் காண்ட்ராக்டர் ஆள் என்றார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால் கம்பெனி ஆள் என்றார். எங்கே அடிபட்டது என்று எழுத முடியவில்லை. போலீஸ் வந்தது. டாக்டர் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்து என்னைத்தான் கேட்டார், "தயாளன், யார் என்னன்னு பார்க்காம எல்லாரையும் வரச் சொல்லுவியா?"

அடுத்த மீட்டிங்கில் நானே எழுந்து சொன்னேன். விபத்துக் கேஸ் வருவதானால் கம்பெனி அதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டு கையில் இருக்க வேண்டும். அழைப்புகள் எல்லாம் வரவேற்பு மேஜை நம்பருக்கு வரட்டும். சீட்டு தயாராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டி அனுப்பலாம். மேனேஜர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். இதுதான் சிஸ்டம் என்றார். அப்போதே டைப் அடிக்கச் சொன்னார்.

"கம்பெனி சீட்டு இல்லாமல் விபத்துக் கேஸ் அனுப்ப வேண்டாம்."

நான் சொன்ன வாக்கியம் ஒன்று அச்சில் வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உறை போட்டு வாங்கி, பதினோரு கேட்டிலும் என் கையாலேயே ஒட்டினேன். ஒட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். எனக்குக் கம்பெனி ஒருங்கிணைப்பாளர் என்று பதவியும் கிடைத்தது. வண்டி ஓட்டுவதை விட்டு வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன். சிஸ்டர் மட்டும் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "இத்த எனுக்கு முன்னாடியே காட்டியிருக்கலாம்ணா" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. போலீஸ் வரவில்லை. கோப்புகள் சுத்தமாக இருந்தன.

அந்த நாள் காலை பத்தரை மணி இருக்கும். ஒரு ரசாயனக் கம்பெனியின் கேட்டிலிருந்து முனுசாமி பேசினான். பழைய சிநேகிதன்.

"அண்ணா, காண்ட்ராக்ட் பொண்ணு ஒண்ணுக்குக் கண்ணுல காஸ்டிக் சோடா தெளிச்சிடுச்சி. டிரம் கழுவசொல்லோ. இட்டுகினு வரட்டா?"

"சீட்டு கீதா?"

"ஆபீசரு மீட்டிங்ல கீறாரு. போன எடுக்க மாட்டேன்றாரு."

"சீட்டு வாங்கிக்கினு வா."

வைத்துவிட்டேன். வேறெந்த நினைப்பும் எனக்கு வரவில்லை. அதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நான் அவசரத்திலோ கோபத்திலோ சொல்லவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறேன் என்ற நிம்மதியோடு சொன்னேன். அடுத்த வாரம் நடக்கவிருந்த மருத்துவ முகாமுக்குப் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தேன், அதைத் தொடர்ந்தேன்.

கால் மணி நேரம் கழித்துச் சிஸ்டர் ஏதோ கோப்பு எடுக்க மேஜைக்கு வந்தார்.

"இன்னாண்ணா, காலைலேர்ந்து போனே இல்லியா?"

"ஒண்ணு வந்திச்சி. கண்ணுல காஸ்டிக்காம். சீட்டு வாங்கிக்கினு வர சொன்னேன்."

அவர் கோப்பைக் கீழே வைத்தார்.

"தண்ணி ஊத்தச் சொன்னியா?"

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"அண்ணா, உன்னத்தான். தண்ணி ஊத்தச் சொன்னியா?"

முனுசாமிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதற்குள் சிஸ்டர் ஒரு பை நிறைய உப்புத் தண்ணீர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு வாசலில் நின்றார். டிரைவர் வேறொரு நோயாளியை வீட்டில் விடப் போயிருந்தார். மாற்று வண்டிச் சாவியை நான் எடுத்தேன். நடையில் மேனேஜர் எதிர்ப்பட்டார்.

"சிஸ்டர், டியூட்டி நேரத்துல எங்க போறீங்க?"

"கண்ணு கழுவ, சார்."

கேட்டை அடைந்தபோது அந்தப் பெண் காவலாளி அறையின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் துப்பட்டாவை இரண்டு கண்ணிலும் அழுத்திப் பிடித்திருந்தாள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் எஸ்தர் என்றும், ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிறவள் என்றும் அவள்தான் சொன்னாள். கண் கழுவும் குழாய் ஆலைக்குள் இருந்தது. இவர்கள் டிரம் கழுவும் கொட்டகை வெளியே. ஒருதரம் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு நேராக இங்கே கூட்டிவந்துவிட்டார்கள்.

முனுசாமி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து ஒரு காகிதத்தை நீட்டினான்.

"சீட்டு எழுதி ரெடியா வெச்சிட்டேண்ணா. கையெழுத்துதான் பாக்கி. உள்ள போயி ரெண்டு தபா கேட்டுக்கினு வந்தேன்."

நான் சொன்னதை அப்படியே செய்திருந்தான். அதைவிட ஒழுங்காக யாரும் செய்திருக்க முடியாது.

"குழாய் எங்க கீது?" என்றார் சிஸ்டர்.

"செடிக்கு ஊத்தற டியூப்பு பின்னால கீது சிஸ்டர்."

எஸ்தரைச் சிமெண்ட் மேடையில் படுக்க வைத்தோம். அவள் இமையைச் சிஸ்டர் விரலால் பிரித்துப் பிடிக்க, நான் டியூப்பைப் பிடித்தேன். அரை மணி நேரம் தண்ணீர் நிற்கவில்லை. அவள் முதலில் கத்தினாள். பிறகு, "அக்கா, வெளிச்சம் மட்டுந்தான் தெரிது, நீ தெரில" என்றாள்.

"நான் ஒண்ணும் பாக்கற மாதிரி இல்ல. அப்புறம் பாத்துக்கலாம். கண்ண மூடாத" என்றார் சிஸ்டர்.

பாதியில் அந்த அதிகாரி மீட்டிங் முடிந்து வந்தார்.

"யாரைக் கேட்டு வண்டிய உள்ள விட்டீங்க?"

சிஸ்டர் திரும்பவில்லை. "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பேண்ட் நனைஞ்சிடும்."

"இவங்க எங்க ரோல்லயே இல்ல. காண்ட்ராக்டர் ஆளு."

"கண்ணு யாரு ரோல்ல கீதுன்னு அப்புறமா சொல்லுங்க சார்."

அவர் தள்ளி நின்றார்.

கிளம்பியபின் வண்டியில் சிஸ்டரும் எஸ்தரோடு வந்த பெண்ணும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே வந்தார்கள். நெடுஞ்சாலையில் இடது பக்கம் எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வந்தது. உள்ளே போனால் பதிவு, நம்பர், டியூட்டி டாக்டர், பிறகு கண்ணுக்கு இங்கே ஆள் இல்லை என்று ஒரு கடிதம். அரை மணி நேரம் போகும். ஆனால் கேஸ் நம்முடையதாக எழுதப்படும். போட்டி அதிகமான காலம், ஒவ்வொரு கேஸும் எங்களுக்குத் தேவை. நான் வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னாலிருந்து சிஸ்டரும் ஏன் என்று கேட்கவில்லை. சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவர் போன் போட்டு, என்ன வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதவரம் தாண்டியதும் நெரிசல். "இன்னும் பத்தே நிமிஷம்மா" என்று நான் பின்னால் பார்த்துச் சொன்னேன்.

எஸ்தர் கேட்டாள், "அண்ணா, நீதான போன்ல பேசினது?"

முனுசாமி அப்போது போனை ஸ்பீக்கரில் வைத்திருந்திருக்கிறான்.

"ஆமாம்மா."

"சீட்டு இல்லாம வந்துட்டோமே. அங்க சேத்துப்பாங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பயந்து கேட்டாள். கண் எரிவதைவிட அந்தப் பயம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. "சேத்துப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். இத்தனை வருடத்தில் பலர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உள்ளே போனதில்லை.

கண் டாக்டர் பார்த்துவிட்டு வலது கண் தப்பிவிடும் என்றார். இடது கண்ணைப் பற்றி, "பார்க்கலாம்" என்றார். எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். சிஸ்டர் நேரத்தைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அவளுடைய கணவர் வந்து சேர்ந்ததும் நாங்கள் திரும்பினோம். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது சிஸ்டர், "தப்பு பண்ணிட்டோம்னு அழுதுகினு குந்தாத. இன்னும் பத்து கேட்டுல அதே நோட்டீஸ் கீது" என்றார்.

மூன்று மணிக்கு டாக்டர் அறையில் கூடினோம். டாக்டர், மேனேஜர், சிஸ்டர், நான். மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் ஏற்கனவே ஒரு வழி வைத்திருந்தார். தாமதம் காவலாளியால் ஏற்பட்டது, கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம். நோட்டீஸில் 'அவசரக் கேஸ் தவிர' என்று இரண்டு சொல் சேர்க்கலாம்.

"எது அவசரம்னு கேட்டுல யாரு சொல்றது சார்?" என்றேன்.

"அதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுடலாம்."

"முனுசாமி லிஸ்ட்டப் படிச்சிக்கினு இருக்கசொல்லோ யாரு தண்ணி ஊத்துவாங்க?"

டாக்டர் கையை உயர்த்தினார். "தயாளன், மூணு மாசமா நான் ஸ்டேஷன் பக்கம் போகலை. அது நீ போட்ட ரூலாலதான். முழுசா எடுக்க முடியாது. எனக்கு ஒரு வாரம் குடு, யோசிக்கிறேன்."

"ஒரு வாரம்னா பதினோரு கேட்டுக்கும் ஒரு வாரம், டாக்டர். நான் இன்னிக்கே போயி கிழிச்சிடறேன்."

"அது ஆஸ்பத்திரி நோட்டீஸ்" என்றார் மேனேஜர். "ஸ்டாஃப் யாரும் தன்னிஷ்டத்துக்குத் தொட முடியாது."

அவர் சொன்னது சரி. அடையாள அட்டையைக் கழற்றி டாக்டர் மேஜையில் வைத்தேன். வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் நடக்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு கேட்டிலும் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, அது இருந்த இடத்தில் பெரிதாக எழுதினேன். முதலில் சிஸ்டருக்குப் போன். அவர் மேஜை நம்பர். தண்ணீர் என்றால் தண்ணீர், துணி என்றால் துணி, அவர் சொல்வதைச் செய். அவ்வளவுதான். ஏழாவது கேட்டில் ஒரு புது ஆள் என்னைத் தடுத்தான்.

"எடுக்கக் கூடாதுபா. மேலேர்ந்து ஆர்டர் வரணும்."

"ஒட்டசொல்லோ எவன் ஆர்டர் குடுத்தான்?"

"அது எனக்குத் தெரியாது. நான் வர்றதுக்கு முன்னாடியே கீது."

"நான்தான் ஒட்டினேன். நான்தான் எடுக்கறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

அவன் யோசித்துவிட்டு, "அப்ப ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடு" என்றான். அவன் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்தேன்.

முனுசாமியின் கேட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். போகத் தைரியம் வரவில்லை, உண்மை அதுதான். அவன் ஸ்டூலில் குந்தியிருந்தான். மெமோ கொடுத்திருந்தார்கள்.

"நீ சொன்னதத்தானண்ணா செஞ்சேன்?"

"ஆமாடா. அத்த எழுதிக் குடுக்கத்தான் வந்தேன்."

அந்த நோட்டீஸைக் கிழித்து, உறையைப் பிரித்து, காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன். இந்தக் காவலாளி எங்கள் ஆஸ்பத்திரி சொன்னபடி நடந்தார், சொன்னவன் நான் என்று. பெயர், கையெழுத்து, நேரம் போட்டு அந்த அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார். "இதால உங்க வேலைக்குப் பிரச்சினை வராதா?" என்றார். வேலையே இல்லை என்றேன். மெமோவைத் திரும்பப் பெற்றார். அது வரை நல்லது.

அன்று ராத்திரி சிஸ்டர் போன் செய்தார். இடது கண்ணில் ஆள் நிற்பது நிழலாகத் தெரிகிறதாம், அதற்கு மேல் தேறுமா என்று சொல்ல முடியாதாம். பிறகு சொன்னார், "பதினோரு கேட்டுலயும் என் மேஜ நம்பர எழுதிட்டு வந்துட்ட. நான் கையுறையோட ஒருத்தன் காயத்துல கை வெச்சிகினு இருப்பேன். போன எவன் எடுப்பான்? உன்ன உள்ள விடக் கூடாதுன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லிட்டாங்க."

அதை நான் யோசிக்கவே இல்லை. இதையும் கவனித்து வையுங்கள். பழைய விதியைக் கிழிப்பது அரைவேலை. கிழித்த இடத்தில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் தினமும் அங்கேதான் ஆள் எடுப்பார். தினமும் இரண்டு பேர் குறைவார்கள். வரிசையில் என்னைப் பார்த்ததும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னாண்ணா, நாஷ்டா துன்ன வந்தியா?"

"ஆள் வேணுமா வேணாமா?"

"வேணும். ஆனா உன்ன எப்டி உள்ள விடறது? மேனேஜரு கத்துவாரு."

"ஆஸ்பத்திரி ரோல்ல என் பேரு இல்ல. நான் உன் ஆளு. அவரு கேட்டா காண்ட்ராக்டர் ஆளுன்னு சொல்லு. அவருக்கு அந்தப் பதில் நல்லாத் தெரியும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மூட்டையிலிருந்து ஒரு பச்சைச் சட்டையை எடுத்து என்மேல் போட்டார்.

"எந்த எடம் வேணும்?"

"அவசரப் பிரிவு."

"அத்த எவனும் கேட்டு வாங்க மாட்டானே. ஒரே ரத்தம், வாந்தி."

"எனுக்கு அதான் வேணும்."

வாளியும் மாப்பும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். செக்யூரிட்டி பச்சைச் சட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. சிஸ்டர் ஒரு குழந்தைக்கு நெற்றியில் தையலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிரிக்கவில்லை.

"தரைய அப்புறம் தொடச்சிக்கலாம்" என்றார். "போன் கிட்ட நில்லு."